பிள்ளையைச் சாரணர் படையில் சேர்க்கப் போகிறீர்களா? ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்த சில நாட்களில் பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டும். "ஸ்கவுட்ல சேரணும், கையெழுத்துப் போடுங்க" என்று கேட்கும். அது என்ன, எவ்வளவு செலவு, எங்கே கூட்டிப்போவார்கள் என்று திருப்பிக் கேட்டால் பிள்ளைக்கும் முழுசாகத் தெரியாது. ஆசிரியருக்கு வகுப்பு வேலையே தலைக்கு மேல் இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துச் சேர்ந்தபோது, எந்தத் தாளை எங்கே கொடுப்பது, எதற்கு யாரிடம் போவது என்று சொல்ல ஆளில்லாமல் நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. அதற்கப்புறம் பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் இதே கேள்விகளோடு வந்தன. புதிதாகச் சேரும் யாரும் அப்படி அலையக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதத்துக்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. தாள்களில் பெயர் சரியாக இருக்க வேண்டும், வாரத்தில் ஒரு நேரம் பிள்ளையை விட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

1. எந்தப் படை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளியில் சீருடை போட்டு அணிவகுக்கிற பிள்ளைகள் எல்லாருமே சாரணர்கள் இல்லை. என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. ஜே.ஆர்.சி. செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்தது. என்.எஸ்.எஸ். மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரிக்கும் உரியது. நாம் இங்கே பேசுவது பாரத சாரண சாரணியர் இயக்கத்தைப் பற்றி. உலக சாரண அமைப்பில் இந்தியாவின் சார்பில் உறுப்பினராக இருப்பது இதுதான். தாளின் தலைப்பில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நிறையப் பள்ளிகளில் ஒரு பிள்ளை ஏதாவது ஒன்றில்தான் இருக்க முடியும். என்.சி.சி.யில் சேர ஆசைப்படும் பிள்ளையை இதில் சேர்த்துவிட்டு அடுத்த வருடம் மாற்றச் சொல்லிக் கேட்டால், அதற்குள் அங்கே இடம் நிரம்பியிருக்கும்.

தொடக்கப் பள்ளி வயதில் பையன்கள் குருளையர், பெண் பிள்ளைகள் நீலப்பறவையர். 10 வயது நிறைந்தவர்கள், அதாவது பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலிருந்து, சாரணர், சாரணியர். கல்லூரி வயதில் திரிசாரணர், திரிசாரணியர். சாரணர் படையும் சாரணியர் படையும் தனித்தனி. சாரணியர் படையைப் பெண் ஆசிரியைதான் நடத்துவார். பெண் பிள்ளையை அனுப்பத் தயங்குகிற வீடுகளுக்கு இதை நான் முதலில் சொல்வது வழக்கம். பாதித் தயக்கம் அதிலேயே போய்விடும்.

2. படை நடக்கிறதா, பெயருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்

தாளைக் கையில் வைத்துக்கொண்டே சாரண ஆசிரியரை ஒரு தடவை நேரில் பாருங்கள். பள்ளி விடும் நேரம் போனால் பேசக் கிடைப்பார். வாரக் கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். இந்த வருடத்துக்குப் படையின் பதிவைப் புதுப்பித்தாயிற்றா என்று கேளுங்கள். ஆசிரியர் அடிப்படைப் பயிற்சி முடித்தவரா என்றும் கேட்கலாம், அது தவறில்லை. சாரண ஆசிரியர்களுக்கு 7 நாள் அடிப்படைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. அதை முடித்தவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

இந்தப் பதிவு விஷயத்தை லேசாக விட்டுவிடாதீர்கள். படைக்கு ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத வருடம் பிள்ளை எத்தனை கூட்டத்துக்குப் போயிருந்தாலும் விருதுத் தேர்வு வரும்போது அந்த வருடம் கணக்கில் வராமல் போகலாம். சீருடை போட்ட போட்டோ கைநிறைய இருந்தும் உறுப்பினர் எண் இல்லாமல் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இப்போது பதிவு இணையத்தில் நடக்கிறது, உறுப்பினருக்கு ஓர் அடையாள எண் கிடைக்கும். அந்த எண் வந்துவிட்டதா என்று ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நீங்களே விசாரியுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாரண ஆசிரியர் தன் பாட வேளைகளுக்கு மேல் இதையும் இழுத்துப் போட்டுச் செய்கிறார். கேள்வி கேட்பது நம் உரிமை. கேட்கிற குரலில் அதிகாரம் வேண்டாம்.

3. பெயரும் பிறந்த தேதியும்

எங்கள் கடற்கரையில் அதிகம் சிக்கல் வருகிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளியில் கொடுத்த பெயர் ஒன்று இருக்கும். ஆதாரில் மூன்றும் சேர்ந்து நீளமாக வந்திருக்கும். கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கம் போனால் முகமது, முஹம்மது, முகம்மது என்றும், செய்யது, சையது என்றும் ஒரே பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஆங்கில எழுத்தில் வரும்போது இன்னும் மோசம். தலைப்பெழுத்து சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால்.

சாரணர் பதிவில் என்ன எழுதினார்களோ அதுதான் பின்னால் எல்லாச் சான்றிதழிலும் வரும். அந்தச் சான்றிதழை ஒருநாள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் மூத்த பிள்ளைக்கு மாநில அளவிலான சாரணர் விருதான ராஜ்ய புரஸ்காருக்கு விண்ணப்பம் போடும் நேரத்தில்தான், பதிவுசெய்த இடத்தில் தலைப்பெழுத்தே விடுபட்டிருந்தது தெரியவந்தது. அதைச் சேர்க்க ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசித் தேதி நெருங்கிவிட்டது. பிள்ளை ராத்திரி தூங்கவில்லை. ஓர் எழுத்துக்காக ஒரு பிள்ளை அவ்வளவு வேதனைப்பட வேண்டியதில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பள்ளியின் எமிஸ் பதிவில், அதாவது மாணவர் விவரங்களை ஏற்றி வைக்கும் கல்வித்துறையின் இணையப் பதிவில், பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எப்படி இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு, ஆங்கிலத்திலும் தமிழிலும் அப்படியே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதையே சாரணர் படிவத்திலும் எழுதுங்கள். ஆதார் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஆதாரைத் திருத்தப் பாருங்கள். பள்ளிப் பதிவே தவறு என்றால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றது. பத்தாம் வகுப்புக்கு வந்தபின் திருத்துவது பெரும்பாடு. ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பெயர்த் திருத்தத்துக்கு எப்படியும் சேவை மையத்துக்குப் போவீர்கள், 15 வயது ஆகியிருந்தால் அதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

4. சேர்க்கைக்கு வேண்டிய தாள்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: பிள்ளையின் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ அரை டஜன், இரத்த வகை எழுதிய சீட்டு, பெற்றோரின் கைபேசி எண் இரண்டு. கடல் காற்றில் தாள் சீக்கிரம் நமத்துப் பழுத்துவிடும், அதனால்தான் பிளாஸ்டிக் உறை என்கிறேன். நகல்களைக் கைபேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எண் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா விசைப்படகில் போயிருந்தால் கரைக்கு வரும்வரை பிடிக்க முடியாது. வாப்பா துபாயிலோ சவூதியிலோ இருந்தால் அவசரத்துக்கு உதவாது. கரையில் எப்போதும் இருக்கிற ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். அம்மா கடல்பாசி எடுக்கவோ கருவாட்டுக் கொட்டகைக்கோ போகிறவர் என்றால் பாட்டி, சித்தி, மாமா யாருடைய எண்ணாவது இருக்கட்டும்.

சம்மதக் கடிதத்தில் அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்து, அவர் ஊருக்கு வரும்வரை தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் வீடுகள் உண்டு. தேவையே இல்லை. அம்மாவும் பெற்றோர்தான், அவர் கையெழுத்து போதும். படிக்கத் தெரியாத அம்மா என்றால் ஆசிரியரை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைக்கலாம். வெற்றுத் தாளில் மட்டும் யாரும் எதற்கும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

மண்டபம் மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களும் தயங்காமல் கேளுங்கள். உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதே முதல் ஆதாரம். வெளியூரில் இரவு தங்கும் நிகழ்ச்சி வந்தால் மட்டும் முகாம் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் கேட்டால் பிள்ளை ஏமாந்துபோகும்.

5. சீருடையை உடனே தைக்காதீர்கள்

சேர்ந்த கையோடு துணி எடுக்க ஓடுவதுதான் புதிய குடும்பங்கள் எல்லாம் செய்வது. வேண்டாம். பிள்ளை பிரவேஷ் என்கிற முதல் படியை முடித்து உறுதிமொழி எடுக்க மூன்று மாதமாவது ஆகும். உறுப்பினர் சின்னம் குத்துவது அன்றைக்குத்தான். அதுவரை பள்ளிச் சீருடையிலேயே கூட்டத்துக்குப் போகலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். இரண்டு மாதத்தில் ஆர்வம் போய் விலகிவிடும் பிள்ளைகளும் உண்டு. அப்போது தைத்த துணி வீண்.

ஜூன் மாதம் நம் பக்கத்து வீடுகளில் காசு இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுப் பழுதுக்கும் வலைக்கும் கடன் வாங்கியிருப்போம். அதோடு பள்ளிச் செலவும் வந்து நிற்கும். பெற்றோர் கூட்டத்தில் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். சீருடைக்கான தேதியை ஆகஸ்டுக்குத் தள்ளி வைத்தால் எந்தப் படையும் கெட்டுப்போகாது. உள்ளூர் ஆசிரியருக்கு இது தெரியும். வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

தைக்கும்போது கவனிக்க வேண்டியவை. சாரணருக்குச் சாம்பல் நிறச் சட்டை, இரண்டு பை, தோள்பட்டி, கருநீலக் கால்சட்டை, கருநீலத் தொப்பி, கறுப்புக் காலணி, கறுப்புக் காலுறை. சாரணியருக்கு வெளிர் நீல மேலாடை. சாம்பலிலும் நீலத்திலும் பல சாயல் இருக்கிறது. கடைக்காரர் காட்டுவதை அப்படியே வாங்காமல், படையில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளையின் துணியில் ஒரு துண்டு வாங்கிப்போய் ஒத்துப் பாருங்கள். நாலைந்து வீடு சேர்ந்து ராமநாதபுரத்தில் மொத்தமாகத் துணி எடுத்து ஒரே தையல்காரரிடம் கொடுத்தால் நிறமும் ஒன்றாக இருக்கும், கூலியும் குறையும். கால்சட்டையின் அடிமடிப்பில் மூன்று விரல் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரே வருடத்தில் வளர்ந்துவிடும்.

கழுத்துத் துண்டான ஸ்கார்ப் படைக்குப் படை நிறம் மாறும். அதை வெளியே வாங்காமல் படை மூலமாகவே வாங்குங்கள். சின்னங்களும் அப்படித்தான், மாவட்ட அமைப்பு வழியாகவே வர வேண்டும். கடையில் பளபளப்பாகத் தொங்குகிறது என்பதற்காகப் பிள்ளை இன்னும் பெறாத சின்னத்தை வாங்கிக் குத்திவிடாதீர்கள். அது மற்றப் பிள்ளைகளின் உழைப்பை அவமதிப்பது.

ஆண்டுச் சந்தா சின்னத் தொகைதான். பெரிய செலவு என்றால் சீருடையும் காலணியும், பிறகு முகாமுக்கான பயணமும். எந்தத் தொகைக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். நவம்பர் 7 இயக்கத்தின் நிறுவன நாள். அதையொட்டிக் கொடிநாள் வில்லைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து நிதி திரட்டச் சொல்வார்கள். அது கட்டணம் இல்லை, விருப்பப்பட்டவர் கொடுப்பது. வில்லை விற்கவில்லை என்று நீங்களே முழுத் தொகையையும் கட்ட வேண்டியதில்லை. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

துணி எடுக்க முடியாத வீடு என்றால் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு முடித்துப் போன பிள்ளைகளின் சீருடை ஊரில் பல வீட்டுப் பெட்டிகளில் மடித்துக் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் அதை வாங்கித் துவைத்து, தேய்த்துக் கொடுக்கும் வழக்கத்தைச் சில அம்மாக்கள் தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் செய்யலாம்.

6. முதல் மூன்று மாதம் வீட்டில் என்ன நடக்கும்

உறுதிமொழி, சாரணர் விதிகள் ஒன்பது, வணக்கம் செலுத்தும் முறை, இடக்கையால் கைகுலுக்குவது, கொடிகளைப் பற்றிய விவரம் இவற்றையெல்லாம் பிள்ளை மனப்பாடம் செய்யும். இறைவணக்கப் பாடலும் கொடிப் பாடலும் இந்தியில் இருக்கும். தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கும்போது பல வீடுகளில் கேள்வி வரும். பொருள் என்ன என்று ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள், அர்த்தம் தெரிந்து பாடட்டும்.

உறுதிமொழியில் கடவுளுக்குக் கடமையாற்றுவேன் என்று வரும். எந்த மதத்துக் கடவுள் என்று அதில் இல்லை. கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தர்மம் என்று சொல்லவும் விதியில் இடம் உண்டு. கோவில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் ஒரே தெருவுக்குள் இருக்கிற ஊர்கள் நம்முடையவை. இதில் ஐயம் உள்ளவர்கள் மனதில் வைத்துக்கொண்டு புழுங்காமல் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தினமும் ஒரு நற்செயல் செய்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். இதை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். "குடிதண்ணீர் லாரி வந்தப்ப பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் குடம் தூக்கிக் கொடுத்தேன்" என்று பிள்ளை தன் கையெழுத்தில் எழுதட்டும். அந்தக் குறிப்பேட்டைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் தேர்வுகளில் கேட்பார்கள்.

7. நம் தொழிலும் படையின் நாட்களும்

வாரக் கூட்டம் சனிக்கிழமையா, வேலைநாளில் பள்ளி விட்டபிறகா என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் பேசி முடிவுசெய்வது நல்லது. வெள்ளி நண்பகல் ஜும்ஆ, ஞாயிறு காலை பூசை, சாயங்காலம் ஓதப் போகும் நேரம் எல்லாவற்றையும் தவிர்த்து ஒரு நேரம் நிச்சயம் கிடைக்கும். யாரும் சொல்லாமல் இருந்தால் ஏதோ ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் தொடர்ந்து விடுபட்டுப் போவார்கள். ஆசிரியர் அதை ஆர்வக் குறைவு என்று எடுத்துக்கொள்வார்.

சாயல்குடி பக்கம் பனைத் தொழில் குடும்பங்கள் பங்குனி, சித்திரையில் விடிலி போட்டுக் காட்டிலேயே தங்கிவிடுவார்கள். பிள்ளை சில மாதம் கூட்டத்துக்கு வர முடியாது. போகும் முன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சொல்லாமல் நின்றால் பெயரை எடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. சொல்லிவிட்டுப் போனால் திரும்பி வந்து தொடரலாம்.

கடற்கரைக்கு ஒரு நாள் உலா என்று அறிவித்தால், எந்தக் கடல், எந்த மாதம் என்று பாருங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும். அரியமான் போல வடகடல் பக்கம் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் அப்படியே மாறிவிடும். இது நமக்குத் தெரிந்தது, வெளியூர் ஆசிரியருக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் பிள்ளைகளை வல்லத்தில் ஏற்றி அங்கே கூட்டிப்போகக் கூடாது, தெரிந்தவர் வல்லமாக இருந்தாலும்.

கடலில் இறங்குவதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். பொதுச் சம்மதக் கடிதத்தில் அது அடங்காது என்று எழுதியே கொடுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். பிள்ளையும் நம்புகிறது. ஆபத்து அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

8. முதல் முகாம்

இரவு தங்கும் முகாமுக்குச் சம்மதக் கடிதம், மருத்துவச் சான்று, ஆதார் நகல், போட்டோ கேட்பார்கள். மருத்துவச் சான்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையிலேயே போங்கள், மருத்துவர் காலையில்தான் புறநோயாளிகளைப் பார்ப்பார். முகாமுக்கு முதல் நாள் போய் நிற்காமல் ஒரு வாரம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். வீசிங், வலிப்பு, ஒவ்வாமை எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். சொன்னால் சேர்க்கமாட்டார்கள் என்று பயந்து மறைத்து, ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை மூச்சுவிடத் திணறினால் அங்கே யாருக்கும் என்ன மருந்து என்று தெரியாது. 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை: தட்டு, டம்ளர், போர்வை, துண்டு, மாற்றுடை, டார்ச், தண்ணீர் பாட்டில், சோப்பு, குறிப்பேடு, பேனா, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். ஒரே மாதிரித் தட்டு அங்கே நூறு இருக்கும். தங்கத் தோடு, கொலுசு, விலை உயர்ந்த கைபேசி எதுவும் வேண்டாம். கைச்செலவுக்குச் சில்லறையாகக் கொஞ்சம் போதும்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாதவிலக்கு நாளாக இருந்தாலும் பிள்ளையை முகாமுக்கு அனுப்பலாம். அது வருகிற நாளோ இல்லையோ, ஒரு பொட்டலம் நாப்கினும் பழைய செய்தித்தாளும் பையில் இருக்கட்டும். சாரணிய ஆசிரியையிடம் வெட்கப்படாமல் சொல்லலாம் என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். கழிப்பறை, குளியலறை எப்படி, பெண் பிள்ளைகள் தங்கும் இடம் தனியா, கூட வரும் ஆசிரியைகள் எத்தனை பேர் என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் அந்த முகாமுக்கு அனுப்ப வேண்டாம், அடுத்த முகாம் வரும்.

உணவு பற்றியும் கேட்டுவிடுங்கள். ரமலான் மாதத்தில் முகாம் வந்தால் நோன்பு வைக்கும் பிள்ளைக்கு விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். தவக்காலத்திலும் மாலை போட்டிருக்கும் நாட்களிலும் அப்படித்தான்.

2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த வைரவிழாப் பெருந்திரளணி போன்ற பெரிய நிகழ்ச்சிகளுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் போவார்கள். அப்படி வாய்ப்பு வரும்போது பட்டியல் சட்டென்று முடிவாகும். மேலே சொன்ன பிளாஸ்டிக் உறை தயாராக இருக்கும் வீட்டுப் பிள்ளைதான் அதில் இடம்பெறும்.

9. உங்களிடம் இருப்பதைக் கொடுங்கள்

சாரணர் பாடத்தில் முடிச்சுகள் ஒரு பெரிய பகுதி. ஆசிரியர் புத்தகத்தில் படம் பார்த்துச் சொல்லிக்கொடுப்பார். வலைக்கண் பின்னும்போது நம் கை போடுகிற முடிச்சைத்தான் அங்கே ஷீட் பெண்ட் என்கிறார்கள். படகைக் கட்டும் கயிற்றில் வருகிற முடிச்சுகள் பலவும் அந்தப் பாடத்தில் இருக்கின்றன. படிப்பில்லாத அப்பா பள்ளி வாசலுக்குள் வரக் கூச்சப்படுவார். அவரைப் படகு போகாத ஒரு சனிக்கிழமை கயிறோடு வரச் சொல்லுங்கள். தன் அப்பா நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கிற பிள்ளையின் முகம் எப்படி மாறும் என்று நான் நேரில் கண்டிருக்கிறேன். பெரியபட்டினம், கீழக்கரை பக்கம் சங்கு குளிக்கும் ஆட்கள் மூச்சடக்குவதையும் கடலில் செய்யக்கூடாதவற்றையும் சொல்லலாம். கிராமச் செவிலியர் முதலுதவி சொல்லித்தரலாம். காசு கொடுக்க முடியாத குடும்பம் என்று இந்தக் கரையில் உண்டு, கொடுக்க ஒன்றும் இல்லாத குடும்பம் கிடையாது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கூட்டம் நெரியும். அப்படியான நாட்களில் சாரணர்களைச் சேவைக்குக் கூப்பிட்டால், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, சாப்பாடு யார், உடன் வருவது யார் என்று கேட்டு அனுப்புங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்ட நெரிசலுக்குள் நிறுத்தக்கூடாது. தண்ணீர் கொடுப்பது, வழி சொல்வது அவர்களுக்குப் போதும்.

10. படிகளும் விருதும்

பிரவேஷுக்குப் பின் பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான், அப்புறம் மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேல் ராஷ்டிரபதி விருது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சக் காலம் உண்டு. கூட்டிப் பார்த்தால் சில வருடங்கள் ஆகிவிடும். ஆகவே ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்புக்குள் ராஜ்ய புரஸ்கார் வரை வர நேரம் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டு அடுத்த வருடமே சான்றிதழ் கேட்டால் நடக்காது. எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் யாரையும் நம்பாதீர்கள்.

ரயில்வே வேலையில் சாரணர் ஒதுக்கீடு இருப்பது உண்மை. ராஷ்டிரபதி விருது போன்ற உயர்ந்த தகுதியும் பல வருடத் தொடர் உறுப்பினர் பதிவும் கேட்பார்கள். அதனால்தான் மேலே இரண்டாம் பகுதியில் பதிவைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

11. உங்கள் பள்ளியில் படையே இல்லை என்றால்

ஓர் அணிக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர், படைக்குக் குறைந்தது இரண்டு அணி வேண்டும். 12 பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கோரிக்கை வைத்துத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் தலைமையாசிரியர் மாறும்போது மறைந்துவிடும். ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போகச் சம்மதித்தால் மற்ற வேலைகளைத் தலைமையாசிரியர் வழியாக மாவட்ட அமைப்பு பார்த்துக்கொள்ளும். பயிற்சிக்குப் போகும் 7 நாளும் அவர் வீட்டையும் வகுப்பையும் விட்டு இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

12. பள்ளி மாறும்போது

எட்டாம் வகுப்பு முடித்து ஊர்ப் பள்ளியிலிருந்து மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ போகிற பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே மறுபடி முதல் படியில் நிற்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றைக்கே சாரண ஆசிரியரிடம், பிள்ளை எந்தத் தேதியில் சேர்ந்தது, எந்தப் படிவரை முடித்தது, உறுப்பினர் எண் என்ன என்று பள்ளி முத்திரையோடு எழுதி வாங்குங்கள். குறிப்பேடும் சோபான் சான்றிதழ்களும் அசலாகக் கையில் இருக்கட்டும். புதுப் பள்ளியில் ஜூன் மாதமே அந்தத் தாளைக் கொடுத்து, பழைய எண்ணிலேயே பதிவைத் தொடரச் சொல்லுங்கள். புது எண் போட்டால் முந்தைய வருடங்கள் விட்டுப்போகும்.